சொண்டுக்கு மேல எட்டுக் கோடு

ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம். எங்கட பள்ளிக்கூடத்தில அண்டைக்கு மேசை முட்டக் கார்ட் குவியும், முக்கால்வாசி ரோசாப்பூவும் மினுக்கமும்தான். இந்த முறை ஆறாம் வகுப்புச் சின்னது ஒண்டு தானே கையால கீறின கார்ட் ஒண்டைக் கொண்டுவந்து நீட்டிச்சுது. பின்னால எங்கட திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை வாசல், பக்கத்தில ஒரு புள்ளிமான், நடுவில நான், தொப்பி, கழுத்தில விசில், எல்லாம் நல்ல வடிவா இருந்தது, ஆனா எனக்கு மீசை.

"ஏன் பிள்ள எனக்கு மீசை கீறினனீ?"

"மீசை இல்ல மிஸ். உங்கட சொண்டுக்கு மேல இருக்கிற கோடு. எண்ணித்தான் கீறினனான், எட்டு."

எண்ணியிருக்கிறாள்! 22 வருசமா வலைப்பந்து பழக்கிறன், இவளவை என்ர கையைப் பாக்காம சொண்டைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறாளவை. பக்கத்தில நிண்ட மானுக்கு ஒரு சுருக்கு இல்ல, பளபளவெண்டு நிக்குது.

வீட்ட வந்த உடன கண்ணாடிக்கு முன்னால நிண்டு எண்ணிப் பாத்தன். ஒன்பது. பிள்ளை மரியாதைக்கு ஒண்டைக் குறைச்சிருக்கு போல.

இவரிட்டக் கேட்டா "எங்க, எனக்கு ஒண்டும் தெரியேல்லயே" எண்டு பேப்பரால தலையை எடுக்காமலே சொல்றார். அம்மா மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நாடியைப் பிடிச்சுத் திருப்பி, சந்தையில மீன் பாக்கிற மாதிரி வெளிச்சத்தில பாத்திட்டு "ஓம் பிள்ள, கிடக்குத்தான்" எண்டா. இதில என்ன கொடுமை எண்டா அவவுக்கு 73, கன்னம் தொங்கீட்டுது, கண்ணுக்குக் கீழ பை, ஆனா மேல்சொண்டில என்னட்ட இருக்கிறதில பாதிக் கோடு கூட இல்ல. கிணத்தடிக்குப் போறதெண்டாலும் கறுப்புக் குடை பிடிக்கிற மனுசி. சின்னனில நாங்கள் அதைப் பாத்து எவ்வளவு சிரிச்சிருப்பம்!

இரவு மச்சாளுக்கு போன் எடுத்தன், இவற்ற தங்கச்சி, பாமசிஸ்ட். அவள் முதல்ல ஒரு நிமிசம் சிரிச்சுப்போட்டு பிறகு தொடங்கினாள். "அண்ணி, நீங்க சிகரெட் பத்துறேல்ல, ஆனா பத்துறவை சொண்டைக் குவிக்கிற மாதிரி நீங்க விசிலுக்குக் குவிக்கிறீங்கள், வாயைச் சுத்தி வளையம் மாதிரி ஒரு தசை கிடக்கு, அது சுருங்கச் சுருங்க மேல தோல் மடியும், இளம் வயசில மடிப்பு தானா விரிஞ்சிடும், வயசு போகப் போக விரியாது." அதோட வெயில். வெயில்ல இருக்கிற யூவீ கதிர், தோலைத் தொய்யாம இறுக்கிப் பிடிக்கிற கொலாஜன் எண்ட புரதத்தை உடைக்குமாம், அதில யூவீ-ஏ எண்ட சாதி ஜன்னல் கண்ணாடிக்குள்ளாலயும் வருமாம். தொப்பி போடுறனான்தானே எண்டு கேட்டன். அதுக்கு அவள், காஞ்ச கடற்கரை மணல் கதிரில 15 வீதத்தை, கடல் நுரை 25 வீதத்தைத் திருப்பி அடிக்கும், தொப்பி மேலால வாறதைத்தான் மறிக்கும், கீழால வாறதை என்ன செய்யப் போறீங்கள் எண்டாள். எங்கட கிரவுண்ட் கடலுக்குக் கிட்ட, முழுக்க மணல். போதாக்குறைக்குக் கச்சான் காத்து அடிக்கிற மாதங்கள்ல சொண்டு காஞ்சு வெடிக்க நான் நக்கி நக்கி ஈரமாக்கிறது, அந்த ஈரம் காயேக்க இருந்த ஈரத்தையும் கொண்டு போயிடும், இன்னும் காயும்.

"அப்ப அண்ணாக்கு ஏன் இல்ல? அவரும் கொடுவெயில்லதானே திரியிறார்" எண்டு கேட்டதுக்கு, ஆம்பிளையளுக்கு மேல்சொண்டில மயிர்க்காலும் எண்ணெய்ச் சுரப்பியும் கூட, அதால தோல் தாங்குமாம். எங்களுக்கு அதுவும் குறைவு, மாதவிடாய் நிண்ட முதல் அஞ்சு வருசத்தில தோல்ல இருக்கிற கொலாஜன் 30 வீதமளவு போயிடும் எண்டு வேற சொன்னாள். எனக்கு 47. போனை வைக்கலாமோ எண்டு யோசிச்சன்.

கடைசியா ரெண்டு சாமான் சொன்னாள். ஒண்டு எஸ்பிஎஃப், அதாவது வெயிலை மறிக்கிற அளவு, 30 க்குக் குறையாத சன்ஸ்கிறீன், சொண்டுக்கு எஸ்பிஎஃப் உள்ள லிப் பாம், வெளியில நிண்டா ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திரும்பப் பூசோணும். மற்றது ரெட்டினோல் எண்ட விற்றமின் ஏ கிறீம், இரவில மட்டும், முழு முகத்துக்கும் ஒரு கடலை அளவு, கிழமைக்கு ரெண்டு நாள், பலன் தெரிய மூண்டு நாலு மாசமாவது ஆகும், வயித்தில பிள்ளை உள்ளவை தொடக்கூடாது. பொட்டொக்ஸ் எண்டு தசையைத் தளர்த்திற ஊசியும் ஒண்டு இருக்காம், வாயைச் சுத்தி அடிச்சா கோடு குறையும், ஆனா கொஞ்சக் காலத்துக்கு விசில் ஊதுறது, ஸ்ட்ரோவில இளநி குடிக்கிறது எல்லாம் கஷ்டமாப் போகலாமாம். பிறகு நான் என்னத்துக்குச் சம்பளம் எடுக்கிறது?

கிறீம் வாங்கினன். கடலை அளவு எண்டு சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா ஒன்பது கோட்டுக்கு ஒரு கடலை காணுமோ? அதோட ஹவுஸ் மட்ச்சுக்கு ஒரு கிழமைதான் இருந்தது, மூண்டு மாசம் ஆர் பாத்துக்கொண்டு இருக்கிறது, கோயில்ல சந்தனம் பூசுற மாதிரி மேல்சொண்டில திரணையா ஏழு நாளும் பூசினன்.

எட்டாம் நாள் விடிய எழும்பினா வாயைச் சுத்திச் செக்கச்செவேலெண்டு வளையம், தோல் வெங்காயச் சருகு மாதிரி உரியுது, பிளேன்ரீ ஒரு மிடறு பட்ட உடன மிளகாய்த்தூள் அள்ளிப் பூசின எரிவு. மட்ச்சில விசிலை வாயில வைக்கேலாம கையைத் தட்டித் தட்டி நடத்தினன். பிள்ளையள் நான் தங்களை உற்சாகப்படுத்திறன் எண்டு நினைச்சு ஃபவுலுக்கும் சேர்த்து இன்னும் வேகமா ஓடுதுகள்.

பின்னேரம் வீட்ட வந்தன். சொண்டை அசைச்சா எரியும், அதால பல்லைக் கடிச்சபடி, வாயைத் திறக்காம "ம்மா, தண்ணி தாங்கோ" எண்டு சொன்னது "ம்ம, தங்ஙி தாங்ங" எண்டு வந்தது.

அம்மா செம்பைக் கீழ போட்டா.

"ஐயோ பிள்ளைக்கு வாதம் அடிச்சிட்டுது!"

நான் இல்லையெண்டு கையை ஆட்டுறன், அவ அதைப் பாத்து இன்னும் பயந்து போறா. பக்கத்து வீட்டு அக்கா மதிலால எட்டிப் பாத்து ஓடி வந்திட்டா. அவ ரீவியில பாத்து வச்சிருக்கிறா, வாதம் எண்டா சிரிக்கச் சொல்லிப் பாக்கோணும், ரெண்டு கையையும் தூக்கச் சொல்லோணும், கதைக்கச் சொல்லோணும். "சிரி பிள்ள, சிரி பாப்பம்!" நான் எப்படிச் சிரிப்பன்? ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்துப் பாத்தன், எரிஞ்ச எரிவில மற்றப் பக்கம் அசையேல்ல. "கண்டியளே, வாய் கோணுது" எண்டு அந்த அக்கா சொல்ல அம்மா கதிரையில இருந்திட்டா. அக்கா 1990 எண்ட அம்புலன்ஸ் நம்பருக்கு அடிக்க போனை எடுத்திட்டா. உண்மையாச் சொன்னா அவை செய்தது முழுக்கச் சரி, உண்மையா வாதமா இருந்தா அந்த வேகந்தான் வேணும், ஆனா ரெட்டினோலுக்கு அம்புலன்ஸ் வந்து றோட்டில நிண்டா நான் பிறகு திருகோணமலையில இருக்கேலுமோ? பாய்ஞ்சு போனைப் பறிச்சு, எரிவும் மறந்து, கிரவுண்டில கத்துற அதே குரல்ல "எனக்கு ஒண்டும் இல்ல, கிறீம் பூசினது!" எண்டு கத்தினன்.

கீழ்ச்சொண்டு வெடிச்சு ரத்தம். அம்மா முகத்தில அப்பிடி ஒரு நிம்மதி. "வாய் வேலை செய்யுது" எண்டா. இவர் பேப்பருக்குப் பின்னால இருந்து "அது எப்பவும் வேலை செய்யும்" எண்டார்.

மச்சாளிட்ட ஏச்சு வாங்கி, ரெண்டு கிழமைக்கு ரெட்டினோலை நிப்பாட்டி வெறும் வாஸ்லின் மட்டும் பூசி, தோல் ஆறினாப் பிறகு புதனும் ஞாயிறும் மட்டும் ஒரு கடலை அளவு. ஒன்பது கோடும் அப்படியே கிடக்கு. விசிலை கப்டன் பிள்ளையிட்டக் குடுத்தாச்சு. இப்ப கிரவுண்டுக்கு லிப் பாம், சன்ஸ்கிறீன், அதோட அம்மாட கறுப்புக் குடையும்.

முதல் நாள் சிரிச்சாளவை. இப்ப நாலு பேர் அதுக்குள்ள இடிபட்டுக்கொண்டு நிக்கிறாளவை, அதில அந்தச் சின்னதும் ஒண்டு.

"மிஸ், அடுத்த வருசக் கார்ட்டில குடையும் கீறவா?"

"கீறு பிள்ள. ஆனா கோட்டை விட்டிடு."

கொஞ்ச நேரம் யோசிச்சாள்.

"அப்ப மான் எங்க நிக்கும் மிஸ்?"