சுருட்டை அணைத்த பிறகு: யாங்கோன் நாட்குறிப்பு, 2019

31 மே, வெள்ளி

இன்று உலகப் புகையிலை ஒழிப்பு நாள். 'புகையிலையும் நுரையீரல் நலமும்' என்பதே இவ்வாண்டுக்கு உலகச் சுகாதார நிறுவனம் எடுத்துக்கொண்ட பொருள். அண்ணனின் நுரையீரல் சோதனை முடிவும் இன்றுதான் கைக்கு வந்தது. குழாய் ஒன்றில் மூச்சைப் பிடித்து ஊதச் சொல்லி, வெளிவரும் மொத்தக் காற்றில் எவ்வளவு பங்கு முதல் விநாடியிலேயே வெளியேறுகிறது என்று அளக்கும் சோதனை அது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அந்தப் பங்கு பத்தில் ஏழுக்குக் குறைவாக இருந்தால் அடைப்பு நிலைத்துவிட்டது என்று கொள்வார்கள். அண்ணனுக்குப் பாதிக்குச் சற்று மேல்தான் வந்திருக்கிறது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

போன ஆண்டுதான் அண்ணனுக்கும் அண்ணிக்கும் பெருமாள் கோயிலில் அறுபதாம் கல்யாணம் செய்து வைத்தோம். அன்றே அவர் கோயில் படியேறும்போது இடையில் நின்று மூச்சு வாங்கியதை நான் பார்த்தேன். தாதியாகப் பணிபுரிந்த கண் அதைப் பார்க்காமல் இருக்காது.

வீடு திரும்பும் வழியில் அவர் சொன்ன பதில் இந்த ஊரில் யாரும் சொல்லும் பதில்தான். "நான் என்ன சிகரெட்டா பிடிக்கிறேன்? சுருட்டுதானே, தங்கச்சி. புகையை உள்ளே இழுக்கிறதே இல்லையே."

இதற்கு நான் விரிவாகவே பதில் சொன்னேன். சிகரெட்டின் புகையைவிடச் சுருட்டின் புகையில் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) மிகுதி என்பதால், அதிலுள்ள நிகோட்டின் நுரையீரலுக்குப் போகாமலேயே வாயின் உட்தோல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இழுக்காதவருக்கும் பழக்கம் இறுகிப் போவதற்கு அதுவே காரணம். அந்தப் புகை தங்கும் நாக்கிலும் கன்னத்திலும் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் புற்றுநோய் வருகிறது. மேலும், ஆண்டுக்கணக்கில் பிடிப்பவர் தம்மை அறியாமல் உள்ளே இழுக்கத்தான் செய்கிறார். அண்ணனின் சோதனைத் தாளே அதற்குச் சாட்சி. பர்மியச் சுருட்டில் புகையிலைத் தூளோடு தண்டுத் துணுக்கும் மரச்சிராயும் கலந்து தனப்பெ இலையில் சுற்றியிருப்பதால் அது லேசானது என்று பலர் நம்புகிறார்கள். மரம் எரிந்தாலும் கரியும் கார்பன் மோனாக்சைடும் வரத்தான் செய்யும்.

2 ஜூன், ஞாயிறு

அடுத்த ஞாயிற்றுக்கிழமையை விடும் நாளாக அண்ணனே குறித்துவிட்டார். நாள் குறிப்பது நல்லது. ஆனால் அதற்குள் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. எந்தெந்த நேரத்தில் கை சுருட்டைத் தேடுகிறது என்று எழுதி வைக்கச் சொன்னேன். விழித்தவுடன் ஒன்று, பயின்னவுங் சந்தையில் உளுந்து, துவரை பேரம் பேசும் இடைவெளியில், டீக்கடையில் உட்கார்ந்தவுடன், சோறு உண்டபின், இரவில் மின்சாரம் போய் வீடு இருட்டாகும்போது. தாம் இவ்வளவு பிடிக்கிறோம் என்பது எழுதிய பிறகே அவருக்குத் தெரிந்தது.

படுக்கையை விட்டு எழுந்த அரை மணி நேரத்திற்குள் முதல் சுருட்டு வேண்டியிருப்பவருக்கு நிகோட்டின் பிடிப்பு கடுமையானது என்று கொள்வது வழக்கம். ஆகவே மெல்லுவதற்கான 4 மில்லிகிராம் நிகோட்டின் கம் வாங்கினேன். அண்ணிக்கு அதில் சந்தேகம். "ஒரு விஷத்தை விட இன்னொரு விஷமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பழக்கத்தில் கட்டிப்போடுவது நிகோட்டின் என்றாலும், ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகை. அதில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவற்றுள் 70 அளவுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை. கம் புகையில்லாமல் நிகோட்டினை மட்டும் கொடுத்து, அதையும் படிப்படியாகக் குறைத்துக்கொள்ள வழி செய்கிறது. நிகோட்டின் கம்மும் ஒட்டுப்பட்டையும் 2009 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் இருக்கின்றன.

9 ஜூன், ஞாயிறு

சாம்பல் கிண்ணங்களை அண்ணி கழுவிப் பரணில் வைத்துவிட்டார். அண்ணன் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சட்டைப்பையில் இருந்த கட்டைத் தாமே பிரித்துக் குப்பையில் கொட்டினார்.

11 ஜூன், செவ்வாய்

கடைசிச் சுருட்டுக்குப் பின் முதல் மூன்று நாள்கள்தாம் மிகக் கடுமையானவை. மூளையில் நிகோட்டினுக்கென்றே பெருகிவிட்ட ஏற்பிகள், அதாவது அது வந்து பற்றும் இடங்கள், வெறுமையாகிக் கிடக்கும் காலம் இது. எரிச்சல், கவனம் சிதறல், தூக்கமின்மை, காரணமில்லாத துக்கம் எல்லாம் வரும். அண்ணன் இன்று பேத்தியிடம்கூடச் சீறினார். பிறகு வாசலில் போய் நின்றுகொண்டார். இதைக் குணக்கேடு என்று வீட்டார் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எல்லாரையும் கூட்டிப் பேசினேன். இது ஒரு நோயின் அறிகுறி. இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடங்களே நீடிக்கிறது. அந்தச் சில நிமிடங்கள் தண்ணீர் குடிக்கட்டும், தெருமுனை வரை நடந்துவிட்டு வரட்டும். யாரும் "அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பிக்க வேண்டாம்.

கம்மை மெல்லும் முறையையும் காட்டிக் கொடுத்தேன். காரம் நாவில் தெரியும்வரை மெல்ல மென்று, பிறகு ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். சும்மா மென்று விழுங்கினால் வயிற்றெரிச்சலும் விக்கலும்தான் மிஞ்சும். டீயோ காப்பியோ பழச்சாறோ குடித்த உடனே போட்டால் வாயில் அமிலம் மிகுந்து நிகோட்டின் சரியாக உறிஞ்சப்படாது. கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

15 ஜூன், சனி

மருந்துக்கடையில் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். இதைப் படிப்பவர்களில் மூச்சுக்கோளாறுக்குத் தியோபிலின் மாத்திரை எடுப்பவர்கள் இருக்கலாம். புகையிலுள்ள தாரின் சில பொருள்கள் கல்லீரலின் ஒரு நொதியைத் தூண்டிவிடுவதால், புகைப்பவர் உடலில் அந்த மருந்து வேகமாகச் சிதைந்துவிடுகிறது. புகையை நிறுத்தியதும் அந்தத் தூண்டுதல் போய்விட, அதே அளவு மாத்திரை இரத்தத்தில் அதிகமாகத் தேங்கிக் குமட்டலையும் படபடப்பையும் தரலாம். அந்த மாத்திரை எடுக்கும் அண்ணனுக்கு நேற்று நெஞ்சு படபடத்தது. இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போனேன், அளவைக் குறைத்தார். நிறுத்தும் நாளையும் எடுக்கும் மருந்தையும் மருத்துவரிடம் முன்னதாகச் சொல்லிவிடுவது அவசியம். தாமாகவே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

டீக்கும் இதே கணக்கு. காப்பிக்கும் டீக்கும் உரிய கஃபீனைச் சிதைப்பதும் அந்த நொதியே. பழைய அளவில் பால் டீ குடித்தால் தூக்கம் வராது. ஆள் அதைப் புகையிலை கேட்கும் தவிப்பு என்று எண்ணிக்கொள்வார். ஆகவே டீயைப் பாதியாக்கினோம்.

23 ஜூன், ஞாயிறு

நான் பயந்தது நடந்தது. சந்தையில் அண்ணனின் தோழர்கள், சுருட்டை விட்ட மனிதர் வாய் சும்மா இருக்கக் கூடாது என்று அன்போடு குன்யா, அதாவது புகையிலை சேர்த்த வெற்றிலைச் சுருள், மடித்துக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவரின் உதடு சிவந்திருந்தது. "புகை இல்லையே, தங்கச்சி. வெற்றிலைதானே. நம்ம கல்யாணத்துலேயே வைக்கிறோமே" என்றார்.

இந்த ஒன்றைப் பற்றி நான் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன். பர்மாவில் புகைப்பவரைவிட மெல்லுபவரே மிகுதி. தெருமுனைக்குத் தெருமுனை ஒரு தட்டுக்கடை. ஈரத்துணியில் வெற்றிலை அடுக்கு, சுண்ணாம்புக் குவளையில் ஒரு குச்சி, வெட்டிய பாக்கு, காசுக்கட்டி, சோம்பு, தேனில் ஊறிய புகையிலை. கடைக்காரர் இலையின் முதுகில் சுண்ணாம்பை ஒரே இழுப்பில் தடவி, மற்றவற்றைத் தூவி, மூலைகளை மடித்துச் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுக்கப் பத்து விநாடிகூட ஆகாது. கோயில் தாம்பூலத்தில் இருப்பது வெற்றிலையும் பாக்கும் மட்டுமே. அதையும் நாம் எப்போதோ ஒருமுறைதான் போடுகிறோம். இவர்களோ விழித்திருக்கும் நேரமெல்லாம் கன்னத்தில் அடக்கிவைக்கிறார்கள்.

அந்தச் சுண்ணாம்பு வாயில் காரத்தன்மையைக் கூட்டி நிகோட்டினை விரைவாக உள்ளே செலுத்துகிறது. சுருட்டில் நடந்த அதே வேலைதான். ஆகவே அண்ணனின் உடலைப் பொறுத்தவரை அவர் எதையும் விடவில்லை, கடையை மட்டும் மாற்றிக்கொண்டார். புகையிலையை எடுத்துவிட்டு வெறும் பாக்கை மென்றாலும் தப்ப முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட தொகுதியில், பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் பிரிவில் வைத்துவிட்டது. பாக்கிலுள்ள அரிகோலின் வாயின் உட்தோலுக்கு அடியில் நாரிழைகளைப் பெருக்குகிறது. கன்னம் வெளுத்து, விறைத்து, வாய் திறக்கும் அளவு ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. இறுகிய நார் பழையபடி இளகுவதில்லை; அவர்களில் சிலருக்கு அதே இடத்தில் புற்று தோன்றுகிறது. வாய் திறக்க முடியாமல் உறிஞ்சுகுழலில் கஞ்சி குடித்த இளைஞர்களை நான் பணியில் இருந்தபோது பார்த்திருக்கிறேன்.

அண்ணன் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து வாயைக் கொப்பளித்துவிட்டு, கம்மை எடுத்துவரச் சொன்னார்.

7 ஜூலை, ஞாயிறு

துக்க வீடொன்றில் அண்ணன் ஒரு சுருட்டைப் பற்றவைத்துப் பாதியில் அணைத்தாராம். வந்து தாமாகவே சொன்னார். அது சறுக்கல், திரும்பிப் போனதாக ஆகாது. பெரும்பாலோர் ஒரே முயற்சியில் விடுவதில்லை. எந்த இடத்தில், யாரோடு, என்ன மனநிலையில் என்று குறித்துக்கொண்டோம். துக்க வீட்டுக்குப் போகும்போது கம் சட்டைப்பையில் இருக்கும்.

26 ஜூலை, ஆடி வெள்ளி

காளி கோயிலில் கூட்டம் நெரிந்தது. வாசலுக்கு எதிரே டீக்கடையில் சிகரெட்டை ஒற்றை ஒற்றையாக விற்கிறார்கள். பற்றவைக்கும் லைட்டர் கயிற்றில் தொங்குகிறது. 2006 மே மாதச் சட்டம் உதிரியாக விற்பதையும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதையும் தடை செய்திருக்கிறது. பெட்டியின் முக்கால் பங்குக்குப் படத்தோடு எச்சரிக்கை வேண்டும் என்பது 2016 முதல் நடைமுறை. ஆனால் உதிரியாக வாங்குபவன் பெட்டியையே பார்ப்பதில்லை. பள்ளிப் பையனின் கைக்காசுக்கு எட்டுவதும் அந்த ஒற்றைச் சிகரெட்தான். இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

18 ஆகஸ்ட், ஞாயிறு

விட்ட புதிதில் அண்ணனுக்கு இருமல் கூடியது. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் மீண்டும் வேலை செய்யத் தொடங்கும்போது அப்படி நேர்வதுண்டு. இப்போது காலை இருமல் வெகுவாகக் குறைந்திருக்கிறது. எடை கூடியிருக்கிறது. அண்ணியின் சமையலில் சுவை தெரிகிறது என்று அவரே சொல்கிறார்.

பேத்திக்கு மழைக்காலம் வந்தால் இளைப்பு வரும், இம்முறை குறைவு. புகை போனதனால்தானா என்று ஒரு பருவத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் வீட்டுப் புகை குழந்தைகளின் இளைப்பை மோசமாக்குகிறது என்பது உறுதி. புகைக்கும் கணவர்களின் புகைக்காத மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருகிறது என்று ஜப்பானில் ஹிராயாமா என்ற ஆய்வாளர் 1981-லேயே எழுதிவிட்டார். அண்ணிக்கு இதைச் சொல்லவில்லை. அண்ணனுக்குச் சொன்னேன்.

20 அக்டோபர், ஞாயிறு

போன வாரம் மறுபடியும் ஊதிப் பார்த்தார்கள். எண் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அண்ணன் முகம் வாடியது, நான் ஆறுதலடைந்தேன். வயது ஏற ஏற எல்லாருக்கும் மூச்சின் அளவு சிறிது சிறிதாகக் குறையும். புகையால் பாதிக்கப்படுபவருக்கு அது வேகமாகக் குறையும். நிறுத்தினால் இழந்தது திரும்பாவிட்டாலும் இழக்கும் வேகம் புகைக்காதவரின் வேகத்துக்கு வந்துவிடுகிறது என்று பிளெட்சர், பீட்டோ என்ற ஆய்வாளர்கள் 1977-இல் காட்டினார்கள். பிரிட்டன் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டால் என்பவரின் ஆய்வும் நம்பிக்கை தருவதே: தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்தாண்டுகள் முன்னதாக இறந்தார்கள், 60 வயதில் விட்டவர்களுக்கு அதில் மூன்றாண்டுகள் மீண்டன, 50-இல் ஆறு, 40-இல் ஒன்பது, 30-இல் விட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட முழுவதும். அண்ணன் அந்த மூன்றைக் கேட்டுவிட்டு, தம் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

என் மருமகனான அவனுக்கு இருபத்து நான்கு வயது. பள்ளி நாளிலிருந்து குன்யா. இன்று மதியம் ஆட்டுக்கறிக் குழம்பை ஒதுக்கி வைத்துவிட்டுத் தயிரை மட்டும் பிசைந்துகொண்டிருந்தான். காரம் எரிகிறது என்றான். அந்த எரிச்சல் நான் அறிந்த முதல் அடையாளம். எழுந்து கை கழுவச் சொல்லி, மூன்று விரல்களைச் சேர்த்து நெட்டாக வாய்க்குள் வைக்கச் சொன்னேன். நலமான வாயில் அவரவர் விரல்கள் மூன்றும் பற்களுக்கிடையே நுழையும். அவனுக்கு இரண்டு நுழைந்தன, மூன்றாவது நுழையவில்லை. கன்னத்தின் உட்புறம் விளக்கொளியில் வெளிறித் தெரிந்தது. "வலிக்கலையே, அத்தை" என்றான்.

இந்த நிலையில் பாக்கை அறவே விட்டால் மேலும் இறுகாமல் நிறுத்த வாய்ப்புண்டு. வாய் திறக்கும் பயிற்சியும் மருந்தும் ஓரளவு உதவும். புற்று தொடங்கவில்லை என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலைக்குப் பல் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். சந்தைக்கு அன்று போவதில்லை என்றும், மகனோடு தாமும் வருவதாகவும் அண்ணன் சொல்லியிருக்கிறார்.