நாகமரைக் கரை: ஒரு நீர்மட்ட நாட்குறிப்பு

பிப்ரவரி 1

தருமபுரிக்குக் கடல் இல்லை. பிள்ளைகள் கால் நனைக்கவும் பெரியவர்கள் பாய் விரித்து உட்காரவும் நமக்கு வாய்த்தது மேட்டூர் அணையின் நீர்த்தேக்கக் கரை. பென்னாகரம், ஏரியூர் வழியாகப் போனால் நாகமரை. ஒகேனக்கல் நெரிசல் இங்கே கிடையாது. கடையை நம்பியும் வர முடியாது.

டெல்டா பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். மூடிய பிறகு குடிநீருக்கு மட்டும் விடுவதால் தண்ணீர் மெதுவாக இறங்கும், கரை ஓரளவு நிலையாக நிற்கும். குடும்பத்தோடு வர பிப்ரவரியும் மார்ச்சும்தான் சரியான மாதங்கள்.

கிளம்பும் முன் காலைச் செய்தியில் நீர்மட்டம் பார்க்க வேண்டும். முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). நேற்றைய அளவுக்கும் இன்றைய அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். சமதளமான கரையில் முப்பது அடிக்கு ஒரு அடி சரிவு என்று வையுங்கள். மட்டம் ஒரு அடி இறங்கினால் தண்ணீர் முப்பது அடி தள்ளிப் போயிருக்கும். போன மாதம் பாய் விரித்த இடத்தைத் தேடினால் கிடைக்காது.

பிப்ரவரி 15

புதிதாக வெளியே வந்த வண்டல் ஏமாற்றும். மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்திருக்கும், ஒரு சாண் கீழே களிபோல் குழைந்து கிடக்கும். ஐந்தடிக் குச்சியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். குச்சி ஒரு சாணுக்குள் நின்றால் நடக்கலாம், முழங்கை ஆழம் இறங்கினால் சுற்றிப் போக வேண்டும். கால் புதைந்தால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இழுத்தால் செருப்பு உள்ளே தங்கிவிடும், அடுத்த காலும் புதையும். பின்னால் உட்கார்ந்து, காலை மெல்ல ஆட்டி உள்ளே காற்றுப் போகவிட்டால் சேறு விட்டுக்கொடுக்கும்.

வண்டியை மேட்டிலேயே நிறுத்துவது நல்லது. கரையோரம் சீமைக் கருவேல முள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், பஞ்சர் நிச்சயம்.

மார்ச் 8

பிள்ளைகளை இறக்குவதற்கு முன் பெரியவர் ஒருவர் இறங்கிப் பார்த்தே ஆக வேண்டும். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நகர வேண்டும். தண்ணீருக்கு அடியில் இருப்பது ஒரு காலத்து ஊரும் வயலும். வரப்பு, பள்ளம், மரக்கட்டை, அறுந்த வலை எல்லாம் இருக்கும். பழைய ஓடையின் தடம் வந்தால் இடுப்பளவில் இருந்து ஒரே எட்டில் ஆழமான கசம்.

சின்னப் பிள்ளையின் முட்டி ஆழத்தில் மூன்று நான்கு குச்சிகளை நட்டு, சிவப்புத் துணி கட்டி, அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிடலாம். காற்றடைத்த டியூப் வேண்டவே வேண்டாம். பிள்ளைக்குக் கால் எட்டாத இடத்துக்கு அது மிதந்து போனது, கரையில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாது.

மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலி கேன், அதில் கட்டிய ஐம்பது அடி நைலான் கயிறு. யாராவது தத்தளித்தால் இதைத்தான் வீச வேண்டும், நீந்தத் தெரிந்தவராக இருந்தாலும் பின்னால் குதிக்கக் கூடாது. கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டால் தூரமாகப் போகும். சுத்தமாகக் காலியாக இருந்தால் காற்று திருப்பிக் கொண்டுவந்து நம் காலடியிலேயே போடும்.

மார்ச் 9

விட்டுப்போனது: நிழல் கிடையாது. நான்கு பேருக்கு அரை நாளைக்கு எட்டு லிட்டர் குடிநீர். தார்ப்பாய், குடை. மூன்று மணிக்கு மேல் வந்தால் போதும், இது கிழக்குக் கரை என்பதால் சூரியன் தண்ணீருக்கு அந்தப் பக்கம், பாலமலைத் திசையில் இறங்கும்.

மார்ச் 29

மீன். ஜிலேபி, கட்லா, ரோகு, கெளுத்தி. காலையில் வந்து வாங்குவது உத்தமம். செவுள் சிவப்பாக இருக்கட்டும், வயிற்றை அழுத்தினால் குழி நிற்கக் கூடாது.

தேங்கின தண்ணீர் மீனில் சேற்று வாடை வரும். மீன் பழையதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், பாசியில் உண்டாகும் பொருள் தோலிலும் கொழுப்பிலும் ஏறுவதால் வருவது அது. புளிப்பு பட்டால் அடங்கும். ஒரு கிலோவுக்கு ஒரு கை கல்லுப்பும் அரை ஸ்பூன் மஞ்சளும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலைச் சுரண்டிவிட்டு, புளித்த மோரில் பதினைந்து நிமிடம் ஊற வைத்தால் போதும். அந்தக் கறுப்புத் தோலை விட்டுவிட்டு மசாலாவைக் குறை சொல்பவர்கள் நிறைய.

ஏப்ரல் 19

தண்ணீர் குறைந்து வெயில் ஏறினால் ஓரத்தில் பச்சை பெயின்ட் ஊற்றினாற்போல் பாசி படரும். உரச் சத்தும் அழுகின பயிர்த் தாளும் சேர்வதால் வருவது. எதிர்க்கரையில் பண்ணவாடி, கோட்டையூர் பக்கம் நாற்றம் தாங்காமல் நுண்ணுயிர்க் கரைசல் தெளித்த வருடங்கள் உண்டு. ஒரு பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால், பச்சை மேலே ஏடுபோல் திரண்டால் அன்றைக்குக் குளியல் இல்லை. கால் பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், அரிப்பு வரும்.

மே 10

மட்டம் 70 அடியை ஒட்டி இறங்கும் வருடங்களில் பண்ணவாடி பக்கம் மூழ்கிக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே வரும். நாகமரையில் இருந்து பண்ணவாடிக்குப் படகு உண்டு. லைஃப் ஜாக்கெட் இருந்தால் ஏறலாம், அதுவும் பிள்ளைக்குப் பிள்ளை அளவில். பெரியவர் ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் அது மேலே ஏறும், பிள்ளை கீழே நழுவும்.

காய்ந்த தரையில் சோளமும் எள்ளும் விதைத்திருப்பார்கள். வெறும் புல் என்று நினைத்து வண்டியை விடாதீர்கள். பாட்டில் உடைத்துப் போடுபவர்களைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. அடுத்த வருடம் அந்தச் சில்லுகள் தண்ணீருக்கு அடியில், நம் பிள்ளைகள் நடக்கும் ஆழத்தில் இருக்கும்.

ஜூன் 14

அணை திறந்தாயிற்று. ஒரு நாள் முழுக்க வினாடிக்கு 11,574 கன அடி போனால் ஒரு டி.எம்.சி. வரத்து இல்லாமல் இந்த வேகத்தில் விட்டால் அணையில் நிறையத் தண்ணீர் இருக்கும்போதே நாளுக்கு அரை அடிக்கு மேல் இறங்கும். மார்ச்சில் நட்ட குச்சி அளவு இனி செல்லாது, ஒவ்வொரு தடவையும் புதிதாக நட வேண்டும்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. ஒகேனக்கல் போக முடியாதவர்கள் இங்கே வந்து முளைப்பாரி விடலாமா என்று கேட்கிறார்கள். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டிய பதில் இது. 2024 ஜூலை 30-ல் அணை 120 அடியைத் தொட்டது, அதாவது ஆடிப்பெருக்குக்கு நான்கு நாள் முன்னால். அப்படிப்பட்ட வருடத்தில் தண்ணீர் ஏறும்போது கருவேலங்காட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். முள்ளும் தெரியாது, பள்ளமும் தெரியாது. ஆடிக்காற்றில் அலையும் அடிக்கும். குடத்தில் மொண்டு மேட்டிலேயே கும்பிட்டுவிட்டு, சித்ரான்னத்தைப் பிரித்து உட்காருங்கள்.