எச்.எஸ்.கே. நான்காம் நிலை: கைக்கு வேண்டாம், காதுக்கு நேரம் கொடுங்கள்

சீன மொழித் திறனைச் சோதிக்கும் எச்.எஸ்.கே. தேர்வின் நான்காம் நிலை முடிவு வந்துவிட்டது. தேர்ச்சி! 300க்கு 180 போதும் என்று தெரிந்தும் முடிவு வரும்வரை நிம்மதியில்லை. மனசு லேசான இந்தச் சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

என் கட்சி இதுதான். கணினித் தேர்வு எழுதப்போகிறவர்கள் சீன எழுத்துகளைக் கையால் எழுதிப் பழகுவதில் மாதக்கணக்கைக் கரைக்காதீர்கள். சொல்லின் ஒலியை ஆங்கில எழுத்தில் (பின்யின்) தட்டினால் சீன எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும், சரியானது எது என்று தெரிந்தால் போதும். கேட்டல் பகுதி அப்படியில்லை. மூன்றாம் நிலையில் இரண்டு முறை ஒலித்தது, நான்கில் ஒரே முறைதான். விட்டால் போச்சு. எழுதினால்தான் மனதில் நிற்கும் என்பவர்கள் உண்டு. எனக்கு வாயும் காதும்தான் பாடம் ஏற்றின.

தமிழர்களுக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. சீனத்தில் பகரம் இரண்டு: மூச்சு விடாதது ஒன்று, மூச்சை ஊதிச் சொல்வது ஒன்று. முதலாவது, நாம் 'பால்' என்னும்போது வரும் அதே ப. தகர, ககரங்களுக்கும் இதே கதை. இரண்டாவதற்குத்தான் பயிற்சி வேண்டும். உதட்டுக்கு முன்னால் மெல்லிய தாளைப் பிடியுங்கள். வயிறு நிறைந்ததைச் சொல்லும் 'பாவ்'வுக்குத் தாள் அசையக் கூடாது. ஓடுவதைச் சொல்லும் 'பாவ்'வுக்குப் படபடக்க வேண்டும். இரண்டுக்கும் குரலின் ஏற்ற இறக்கம் ஒன்றே, மூன்றாம் தொனிதான், மூச்சு மட்டுமே வித்தியாசம். அப்புறம், மனிதரைக் குறிக்கும் 'ரென்' சொல்லும்போது நாக்கை ழகரத்துக்கு மடக்குங்கள். ஆங்கில ரகரத்தைவிட அதுதான் நெருக்கம்.

கேட்டலுக்கு நான் செய்தவை:

- மாதிரித் தேர்வை நடுவில் நிறுத்தவே மாட்டேன், தவறவிட்டாலும் அடுத்ததற்குப் போய்விடுவேன்.
- ஒலி தொடங்குமுன் நான்கு விடைகளையும் கண்ணால் மேய்ந்துவிடுவேன். நான்கும் இடங்கள் என்றால் கேள்வி 'எங்கே' என்பதுதான்.
- முடிந்தபின் அதே உரையாடலைப் பேசுபவரோடு ஒட்டிக்கொண்டே சொல்வேன்.

படித்தலில் 40 கேள்விக்கு 40 நிமிடம். தெரியாத எழுத்தில் நிற்காதீர்கள்.

சரி, தேர்வு வேறு, வியாபாரம் வேறு. இதில் பேச்சுக்கு மதிப்பெண்ணே கிடையாது, அதற்கு எச்.எஸ்.கே.கே. என்ற பேச்சுத் தேர்வு தனி. சரக்கு வாங்க சீனாவின் குவாங்சோ நகரத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள் தேவை. முதலாளியைக் குடும்பப் பெயரோடு 'சோங்' சேர்த்துக் கூப்பிடுங்கள்: வாங் சோங், லீ சோங். விருந்தில் கதவைப் பார்த்த இருக்கை முக்கியமானவருக்கு. உங்கள் இடத்தைக் காட்டும்வரை உட்காராதீர்கள். மதுக் கிண்ணங்களை மோதும்போது உங்கள் கிண்ணத்தின் விளிம்பு பெரியவருடையதற்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். மது தொடாதவர்கள் எழுந்து, இரு கையாலும் தேநீரை ஏந்தி, "யீ ச்சா தாய் ஜியூ" என்று சொல்லிவிடலாம். மதுவுக்குப் பதில் தேநீர் என்பது அங்கே எல்லோருக்கும் புரிந்த மரியாதை, யாரும் வற்புறுத்தாமல் விட்டுவிட வாய்ப்பு அதிகம். விலையைக் குறைக்கக் கேட்டு, "யோசித்துப் பார்க்கிறோம்" என்று பதில் வந்தால் பெரும்பாலும் முடியாது என்றுதான் அர்த்தம். பத்துப் பேர் முன்னால் மறுபடி கேட்டு அவர் மானத்தைக் கெடுக்காதீர்கள். மாலையில் வீசாட் செயலியில் தனியாகச் செய்தி அனுப்பிக் கேளுங்கள்.

சைவர்கள் "வோ ச்சி சூ" (நான் சைவம்) என்பதோடு நிறுத்தாமல் கோழிச்சாறு, பன்றிக்கொழுப்பு இரண்டையும் பெயர் சொல்லி மறுத்துவிடுங்கள். வெறும் கீரை வதக்கலிலும் அவை சேரும்.