சக்குலன்ட் வாங்கப் போகிறீர்களா?

புதிதாக சக்குலன்ட், அதாவது இலையிலும் தண்டிலும் நீரைச் சேமிக்கும் சதைப்பற்றுள்ள செடி, வளர்க்க ஆசைப்படும் நண்பர்களே, ‘வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும்’ என்று யார் சொன்னாலும் அப்படியே நம்பிவிடாதீர்கள். இந்தச் செடிகளில் பெரும்பாலானவை இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும், பகலில் மூடி ஈரத்தைக் காத்துக்கொள்ளும், வறண்ட ஊரில் பிழைக்க அவை கண்ட வழி அது. ஆனால் சிங்கப்பூரில் காற்றே ஈரம், இரவிலும் புழுக்கம், தொட்டி மண் லேசில் காயாது. டிசம்பர் மழையில் கேட்கவே வேண்டாம். அதனால் நாள் கணக்கு வேண்டாம், சுத்தமான சாத்தே குச்சி ஒன்றை அடிவரை செருகிப் பாருங்கள், ஈரமாக வந்தால் ஊற்றாதீர்கள்.

மண்ணில் பாதியாவது பெர்லைட்டோ பியூமிஸோ (தண்ணீர் எளிதில் வடிய உதவும் லேசான கல் துகள்கள்) இருக்கட்டும். தொட்டிக்கு அடியில் ஓட்டை கட்டாயம்.

எச்செவேரியா என்ற சக்குலன்ட் பார்க்க அழகுதான், ஆனால் அதில் பல வகைகள் மெக்சிகோ மலைப்பகுதியைச் சேர்ந்தவை, நம் வெக்கையில் திணறும். முதலில் ஹாவொர்த்தியா, கற்றாழை, ஜேட் செடி, இவற்றில் ஒன்றோடு தொடங்குங்கள் என்பேன். செடி வெளிச்சம் தேடி நெட்டையாக நீண்டால் இடத்தை மாற்றுங்கள், ஆனால் மெதுவாக, திடீரென்று உச்சி வெயிலில் வைத்தால் இலை கருகிவிடும்.

அப்புறம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் வைப்பவர்கள் ஆள் நடக்க 1.2 மீட்டர் வழி விடுங்கள், தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கிக் கொசுவுக்கு அவ்வளவே போதும்.

என்னிடம் ஜேட் கிளைகள் நிறைய இருக்கின்றன. வேண்டுபவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், வெட்டிய இடத்தைக் காயவைத்தே தருகிறேன்.