இமைக்கு ஏற்ற நிறம்

இமையில் பூசும் ஐ ஷேடோ வாங்கும்போது பெட்டிக்குள் தெரியும் நிறத்தை நான் நம்புவதில்லை. அதை விரலால் தொட்டு மணிக்கட்டின் உட்புறத்தில் தடவி, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே தேர்ந்தெடுக்கிறேன். மாநிறத்திலும் அதைவிடக் கறுத்த சருமத்திலும் வெண்மை கலந்த வெளிர் நிறங்கள் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். செம்பு, வெண்கலம், கத்தரிப்பூ நிறம் போன்றவையோ எடுப்பாக இருக்கும். பழுப்புக் கண்களுக்கு ஏறக்குறைய எல்லா நிறமும் பொருந்தும் என்றாலும், எனக்கு மிகவும் பிடித்தது கருநீலம்தான். பழுப்பில் கலந்திருக்கும் ஆரஞ்சுச் சாயலுக்கு நீலம் நேரெதிர் நிறம் என்பதால், அதன் அருகில் விழியின் பழுப்பு மேலும் துலங்குகிறது.

முதலில் இமையில், நிறம் நிலைத்து நிற்க அடியில் பூசும் பிரைமரை மெல்லியதாகத் தடவிக்கொள்ள வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள இமைகளில் அது இல்லாவிட்டால் சில மணி நேரத்திலேயே நிறம் மடிப்பில் திரண்டு கோடாகிவிடும். அடுத்து, பளபளப்பில்லாத மேட் நிறத்தைப் பஞ்சுபோன்ற பிரஷ்ஷில் சிறிதளவே எடுத்து, மிகுதியைத் தட்டி உதிர்த்துவிட்டு, பிரஷ்ஷின் காம்பை அதன் பின்முனையருகே தளர்வாகப் பிடித்து, இமை மடிப்பில் முன்னும் பின்னுமாக அசைத்தால், நிறத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாதபடி கரைந்துவிடும். அழுத்திப் பிடித்தால் திட்டுத் திட்டாகத்தான் படியும். மடிப்பு மறைந்திருக்கும் இமை உடையவர்கள் கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தபடி, மடிப்புக்குச் சற்று மேலே பூசுவது நல்லது. மினுமினுக்கும் நிறங்களுக்குப் பிரஷ்ஷைவிட விரல் நுனியே சிறந்தது. தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் துகள் கன்னத்தில் அதிகம் உதிராது.