"இருந்தால் கேக்கும் அக்கா"

அந்தப் பின்னேரம் நான் சொன்ன ஒரு பதில் இன்னும் காதுக்குள் நிற்கிறது.

மூன்றரை மணி இருக்கும். யாழ்ப்பாண மாவட்டத்தின் 15 பிரதேச செயலகப் பிரிவுகளுக்கும் ஒவ்வொரு போல்டர், அவற்றுக்குள் 435 கிராம அலுவலர் பிரிவுகளுக்கும் ஒவ்வொன்று. புதிதாக வந்த எக்ஸெல் படிவத்தை எல்லாவற்றுக்குள்ளும் போட்டு, நாலேகாலுக்குள் அனுப்ப வேண்டும். கையால் போட்டால் இரவாகிவிடும். கட்டளைகளை வரிசையாக எழுதி ஒரேயடியாக ஓட விடும் பேட்ச் ஃபைல் ஒன்றை எழுத உட்கார்ந்தேன்.

பக்கத்து மேசை அக்கா எழும்பி வந்து திரையைப் பார்த்தார்.

"தம்பி, நெடுந்தீவு ஆறு பிரிவுக்கும் நான் அடிச்சு வச்சது இதே பெயரிலதானே கிடக்கு. அதுக்கு ஒண்டும் ஆகாதே?"

"இருந்தால் கேக்கும் அக்கா. கேக்காமல் அழிக்காது."

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் முன்புதான் கட்டளைச் சாளரத்தில் காப்பி கட்டளையை அடித்துப் பார்த்திருந்தேன். அதே பெயரில் ஃபைல் இருந்த இடத்தில் நின்று, மேலெழுதவா என்று கேட்டது. அந்தக் கட்டளையை நோட்பேடில் ஒட்டி, ஒவ்வொரு போல்டராகத் திரும்பத் திரும்பச் செய்ய ஒரு ஃபோர் கட்டளைக்குள் இன்னொரு ஃபோர் வைத்து, ஒற்றை % வர வேண்டிய இடத்தில் %% போட்டு (பேட்ச் ஃபைலுக்குள் அப்படித்தான் எழுத வேண்டும்) ஓட விட்டேன். வரிகள் மளமளவென்று மேலே ஏறின. ஓரிடத்திலும் நிற்கவில்லை. ஆறு இடத்திலாவது நின்றிருக்க வேண்டுமே என்று அப்போது தோன்றவில்லை. வேகமாக முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

காப்பி கட்டளையைக் கையால் அடித்தால் கேட்கும். அதுவே பேட்ச் ஃபைலுக்குள் இருந்தால் கேட்காமலே மேலெழுதிவிடும். கேட்க வேண்டுமானால் /-ஒய் என்று சேர்க்க வேண்டும். கட்டளையின் உதவிக் குறிப்பிலேயே இது இருக்கிறது, பிறகுதான் வாசித்தேன். அக்காவின் ஆறு ஃபைலும் அப்படித்தான் போயின. மேலெழுதப்பட்ட ஃபைல் குப்பைத் தொட்டிக்கும் போகாது.

நெடுந்தீவுத் தாள்கள் குறிகாட்டுவான் படகில் பொலித்தீன் பையில் வந்தவை. ஈரம் பட்டு மை ஊறிப்போயிருந்தது. விளங்காத இலக்கங்களை அக்கா அங்குள்ள விதானைமாருக்கு (கிராம அலுவலர்களுக்கு) போன் எடுத்துக் கேட்டு, நேரே எக்ஸெலில் அடித்திருந்தார். தாளில் திருத்தி எழுதவில்லை. இரண்டு நாள் வேலை.

"சரி தம்பி, தாள் இருக்குத்தானே" என்றார். பையை அவிழ்த்து முதல் தாளை எடுத்தார். மூன்றாவது தாளில் விரல் ஒரு ஊறிய இலக்கத்தில் நின்றது. "இது கேட்டு எழுதினது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனை எடுத்தார்.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. நேரம் இல்லை. சோதித்துப் பார்க்காமலும் ஓட்டவில்லை. ஆனால் சோதித்தது ஒன்று, ஓட்டியது வேறொன்று. நெடுந்தீவு போல்டரை வேறோர் இடத்தில் ஒரு பிரதி எடுத்து வைக்க ஒரு நிமிடம் போதும். அக்கா கேட்டது அவ்வளவுதான் என்று இப்போது படுகிறது. நானோ விண்டோஸைப் பற்றிப் பதில் சொல்லிவிட்டேன். சில நாளில் வேறு மாதிரியும் யோசிக்கிறேன். அவருக்கு நம்பிக்கை வராவிட்டால் இன்னொரு தரம் கேட்டிருக்கலாமே? உடனே அது பிழையான நினைப்பு என்றும் தெரிகிறது. நான் சொன்ன தொனியில் இரண்டாம் தரம் கேட்க இடமிருக்கவில்லை.

இப்போது 'இஃப் நொட் எக்ஸிஸ்ட்', அதாவது ஃபைல் இல்லாவிட்டால் மட்டும் செய், என்பதைப் போடாமல் எழுதுவதில்லை. காப்பிக்கு முன்னால் எக்கோ போட்டு, என்ன செய்யப் போகிறது என்பதை முதலில் திரையில் பார்க்கிறேன். அது என் நிம்மதிக்கு. நான் பேட்ச் ஃபைல் எழுத உட்கார்ந்தால் அக்கா ஒன்றும் கேட்பதில்லை. பென் டிரைவைக் கொண்டுவந்து, தன் போல்டர்களைப் பிரதி எடுத்துக்கொண்டு போகிறார். அவர் இன்னொரு தரம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.