அட்ரியானோவின் இடதுகால்

2004 கோபா அமெரிக்கா, அதாவது தென் அமெரிக்க நாடுகளின் கால்பந்துத் தொடர், இறுதிப்போட்டி. அர்ஜென்டினா 2-1 முன்னிலை, ஆட்டம் முடியச் சில நொடிகள்தான். கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்குள் வந்த பந்தை வாங்கி, சட்டெனத் திரும்பி இடதுகாலால் ஓர் அடி அடித்தார் பிரேசிலின் அட்ரியானோ. 2-2. பெனால்டியில் கோப்பை பிரேசிலுக்கு. 7 கோலோடு தொடரில் அதிக கோல் அடித்தவரும் அவரே. அப்போது வயது 22. ரியோவின் விலா குரூசெய்ரோ ஃபவேலாவில் (ஏழைகளின் குடிசைப்பகுதி) வளர்ந்த பையன்!

அடுத்த சில நாட்களில் அப்பா அல்மீர் மாரடைப்பில் இறந்துபோனார். போனில் சேதி கேட்டதும் அதை வீசி எறிந்துவிட்டு அட்ரியானோ அலறியதை, இத்தாலிய கிளப்பான இன்டர் மிலானில் உடன் ஆடிய சனெட்டி பிறகு சொல்லியிருக்கிறார். படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

2005-இல் கண்டங்களின் சாம்பியன் அணிகள் மோதிய கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் சிறந்த வீரர் அவர்தான். ஆனால் உள்ளே குடியும் மனச்சோர்வும் தின்றுகொண்டிருந்தன. 2009-இல் இத்தாலியையும் பெரிய சம்பளத்தையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். எல்லாரும் திட்டினார்கள். சரி, அப்புறம் என்ன நடந்தது? அதே வருடம் சிறுவயதிலிருந்து ஆடிய ரியோ கிளப்பான ஃபிளமெங்கோவுக்கு 19 கோல் அடித்து, பிரேசில் லீக் பட்டத்தையே வாங்கிக் கொடுத்தார்.

வீணாய்ப் போனவன் என்று அவரை யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. அப்பாவை இழந்த பிள்ளை அவர்.